கேள்வி – பதில்: பத்து நிமிட மருந்தும் ஒன்றரை மணி நேர உறக்கமும்

கேள்வி: சென்ற மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. பால்போல் வெள்ளையான ஒரு மருந்தைக் கையில் ஏற்றி, பத்து வரை எண்ணச் சொன்னார்கள். கை எரிந்தது, ஐந்தைச் சொன்னதாகக்கூட நினைவில்லை. அந்த மயக்கம் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்படியானால் ஒன்றரை மணி நேரம் விழிக்காமல் இருந்தது எப்படி?
– வாசகி, கரூர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது புரோபோஃபால்தான். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தினைச் சேர்த்துப் பால்மமாக்குகிறார்கள். வெள்ளை நிறம் அதனால் வருவதே. 1977-இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வேறொரு கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அது ஒவ்வாமையை உண்டாக்கியதால் மருந்தைத் திரும்பப் பெற்று, பால்மமாக மாற்றி, 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் போதும். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளைக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு செல்வதால், மருந்து அரை நிமிடத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்து, நரம்புச் செல்களை அடக்கிவைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையைப் பன்மடங்கு வலுப்படுத்துகிறது. உங்களை எண்ணச் சொன்னது கணக்கு சரிபார்க்க அல்ல. குரல் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான்.

மயக்கம் விரைவில் தெளிவதற்கு மருந்து அழிந்துபோவதே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லீரல் அதைச் சிதைப்பது உண்மைதான் என்றாலும், முதல் சில நிமிடங்களில் நடப்பது பெரும்பாலும் இடமாற்றமே: தசைகளும் பின்னர் கொழுப்பும் மருந்தை உறிஞ்சிக்கொள்ள, இரத்தத்தில் அதன் அளவு குறைந்து, மூளையில் இருப்பதும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே மயக்கவியல் நிபுணர் ஒன்று புரோபோஃபாலையே பம்பு மூலம் தொடர்ந்து செலுத்துவார். அல்லது, பெரும்பாலும் நம் மருத்துவமனைகளில் நடப்பதுபோல, செவோஃப்ளுரேன் போன்ற ஆவியை மூச்சுக் காற்றில் கலந்து கொடுப்பார். நடுத்தர வயதினரில் பாதிப் பேர் கத்தி படும்போது அசையாதிருக்கக் காற்றில் 2 சதவீத அளவு செவோஃப்ளுரேன் வேண்டும். வயது கூடக்கூட அந்தத் தேவை குறையும். புரோபோஃபால் வலி நிவாரணி அன்று என்பதால் ஃபென்டனிலும், வயிற்றுத் தசை இறுகாதிருக்கத் தசைத் தளர்ப்பியும் தனியே தருவார்கள்.

அறுவையின் நடுவே விழித்துவிடுவோமோ என்ற அச்சத்தின் வேர் இந்தத் தசைத் தளர்ப்பியில்தான் இருக்கிறது, ஏனெனில் நினைவு திரும்பினாலும் நோயாளியால் கையசைத்துச் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் அவ்வாறு விழித்திருந்ததாகப் பின்னர் முறையிட்டிருந்தார். நோயாளி வெளிவிடும் மூச்சில் எவ்வளவு ஆவி இருக்கிறது என்பதைத் திரையில் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகவே.

கை எரிந்தது ஒவ்வாமையின் அறிகுறி அன்று. புறங்கையின் மெல்லிய இரத்தக் குழாயில் ஏற்றும்போது பலருக்கு அப்படி எரியும். அடுத்த முறை முன்கூட்டியே சொன்னால், முழங்கை மடிப்பில் உள்ள பெரிய இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள், அல்லது மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினை முதலில் சிறிது கொடுப்பார்கள்.