யாரும் மீட்டாத காந்தாரம்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஆறு வருடமாக வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறேன், வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். வீட்டில் வேறு யாருக்கும் சங்கீதம் தெரியாது. பி.ஏ. இசையில் சேர ஆசை. வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார். பாட்டு வாத்தியார் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறார்: காலேஜில் படித்து யாரும் பாடகர் ஆனதில்லை, சங்கீதம் குருகுலத்தில்தான் வரும், பட்டம் வெறும் காகிதம். தபாலில் பி.காம். படித்துக்கொண்டு அவரிடமே தொடரலாமா? பதினெட்டு வயது தாமதமோ என்ற பயமும் இருக்கிறது. நீங்கள் இசைக் கல்லூரியில் படித்தவர். பட்டம் உங்களுக்கு என்ன கொடுத்தது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் தம்புராவுக்குப் புதுத் தந்தி போட்டுக்கொண்டிருந்தேன். கையில் தந்தியின் கறை போவதற்குள் உங்கள் கேள்வியைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. பள்ளிகளில் இசை ஆசிரியர் இடங்கள் குறைவு. முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட்டில் தேறினால் கல்லூரி வேலைக்கு முயலலாம். வானொலியின் குரல் தேர்வுக்குப் பட்டம் தேவையே இல்லை, பாட்டு இருந்தால் போதும். பெரும்பாலோர் வீட்டில் வகுப்பு எடுத்துத்தான் வாழ்கிறார்கள். இதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. வயதைப் பற்றி ஒரே வார்த்தை: பதினெட்டு தாமதம் இல்லை. இனி யாரிடமும் இதைக் கேட்காதீர்கள்.

சரி, உங்கள் வாத்தியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆறு வருடம் ஒரு பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து, மேலே படிக்கும் ஆசை வருமளவுக்கு வளர்த்திருக்கிறார். ஆனால் "காலேஜில் படித்து யாரும் பாடகர் ஆனதில்லை" என்று அவர் சொன்னதை நீங்கள் அப்படியே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது சரிபார்த்தீர்களா? சீர்காழி கோவிந்தராஜன் தமிழ் இசைச் சங்கத்தின் கல்லூரியில் படித்து 'இசைமணி' வாங்கியவர். அதன் பிறகு சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் 'சங்கீத வித்வான்'. யேசுதாஸ் திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் 'கானபூஷணம்' படித்தவர். எஸ். ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் 'சங்கீதபூஷணம்'. டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் பாடம் சொன்ன இடம் அது. அதே ராமநாதன் பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ஒரு சாயங்காலம் தேடியிருந்தால் இதெல்லாம் உங்களுக்கே கிடைத்திருக்கும். பெரியவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிற சோம்பல் சங்கீதத்துக்கு ஆகாது.

அப்புறம் குருகுலம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எல்லோரும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். குருவின் வீட்டில் தங்கி, தண்ணீர் சுமந்து, அவர் விடியற்காலையில் முணுமுணுப்பதிலிருந்து இரவு கச்சேரி வரை காதில் வாங்கிக்கொண்டே வளர்வது பெரிய கொடுப்பினை. கேள்வி ஞானம் அப்படித்தான் ஊறும். அதை நான் மறுக்கவே மாட்டேன். நான் கேட்பது, அந்த வீட்டுக்குள் யாரை விட்டார்கள் என்பதுதான். குருவின் மகனை விட்டார்கள், மருமகனை விட்டார்கள். உறவுக்காரர் சிபாரிசோடு வந்த பையனை விட்டார்கள். வேறு சாதிப் பையன் திண்ணையில் நின்று கேட்டுவிட்டுப் போனான். ஒரு பெண் குழந்தையை எந்தக் குருவின் வீட்டில் ஏழெட்டு வருடம் தங்கவைத்திருப்பார்கள்? வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, நூறு வருடத்துக்கு முன்பு அந்த ஒரு வரிக்காகவே உங்களை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். இசைக்குக் கல்லூரி வந்தபோதுதான் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்பது போய், 'பாடிக் காட்டு' என்பது வந்தது. முழுதாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். அது குருகுலம் இல்லை, டியூஷன். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் காட்டி, கிடைக்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்கிறார்கள். அதற்கு நீங்களும் தலையாட்டுகிறீர்கள்.

வெளியாள் உள்ளே வருவதால் சங்கீதத்துக்கு என்ன லாபம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சில் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்து வாரிசு அவர். அந்தக் குடும்பத்தின் சொத்து மொத்தமும், ஸ்வரத்தை அசைக்கும் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகளோடு, அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஊருக்குக் கொடுக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர், சென்னையில் அரசு உத்தியோகம், கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை மேற்கத்திய முறையில் ஸ்வரப்படுத்தி 1890களிலேயே அச்சிடத் தொடங்கியவர். எந்தப் பரம்பரையிலும் வராத அந்தப் படித்த மனிதர் போய்க் கேட்டிருக்காவிட்டால், இன்று கீர்த்தனையின் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியில் சந்தேகம் வந்தால் எதைப் பிரித்துப் பார்ப்போம்? நான் வருடத்தில் பல தடவை அந்தப் புத்தகத்தைப் பிரிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலியாரை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பட்டம் என்ன கொடுத்தது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் தம்புரா கிடையாது, சுருதிப்பெட்டிதான். கல்லூரியில் முதல் வருடம் காலை வகுப்புக்கு ஒரு சார் வருவார். இரண்டு மாதம் அந்த வகுப்பில் ஒரு பாட்டுகூடச் சொல்லித்தரவில்லை. பதினோரு பேர் நாங்கள், நாலு தம்புரா. சுருதி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் 'ஸ'வுக்கான நடுத் தந்திகள், சாரணி, அனுசாரணி இரண்டும் ஒன்றாகச் சேரவேண்டும். அப்புறம் 'ப'வுக்கான பஞ்சமம். கடைசியில் மந்தரம், கீழ் 'ஸ'வுக்கான தந்தி. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி, சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் மணியை நகர்த்தி, அதன் பிறகு ஜீவா. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே செருகும் சின்ன நூல் துண்டுதான் ஜீவா. அதை மயிரிழை நகர்த்தினால் செத்துக் கிடந்த தந்தி ரீங்காரம் போட ஆரம்பிக்கும். இன்னொரு மயிரிழை நகர்ந்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். விரல் நுனி சிவந்துபோகும். பாட்டு கற்க வந்தோமா, இதற்கு வந்தோமா என்று எனக்குக் கோபமாக வரும்.

என் பக்கத்தில் உட்காருகிற பெண், அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஒருநாள் மந்தரத்தில் ஜீவாவை நகர்த்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "சார், யாரோ 'க' பாடுறாங்க" என்றாள். யாரும் பாடவில்லை. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மெல்ல எனக்கும் கேட்டது. ஸட்ஜத்துக்குச் சேர்த்த தந்திக்குள்ளிருந்து, மேலே, தெளிவாக, அந்தர காந்தாரம், அதாவது அந்தக் 'க'. நாலு தந்தியில் ஒன்றைக்கூடக் காந்தாரத்துக்கு யாரும் சேர்க்கவில்லை. சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்போ இது சேர்ந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதே வருடம் ஒலியியல் தாளில் இன்னொரு ஆசிரியர் காரணம் சொன்னார். ஒரு தந்தி அதிர்ந்தால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல் ஒலிகளும் சேர்ந்தே எழும். ஐந்து மடங்கில் எழுவதுதான் அந்தக் காந்தாரம். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அங்கே அசையாமல் நிற்கவேண்டிய மேல் ஒலிகள் எழவே கூடாது என்பது விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன. வளைந்த குதிரையின் மேல் தந்தி உரசுவதால் வரும் அதிசயம் அது. இதை ஆராய்ந்து 1921ல் எழுதியவர் சி.வி. ராமன், அப்போது கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர். கீபோர்டின் காந்தாரம் இதைவிடச் சற்று உயரம் என்பதையும் அந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு அதிகம். கேட்டுப் பாருங்கள், தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு உறுத்தும். காலையில் காதில் விழுந்தது மதியம் புத்திக்குப் புரிந்தது. இந்த இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் நடக்கிற இடம் எனக்குத் தெரிந்து கல்லூரிதான்.

எல்லா வகுப்பும் அப்படி இல்லை. ராக லட்சணத்தை நோட்டில் எழுதச் சொல்லி, ராகத்தைக் காட்டும் ஒரு பிடிகூடப் பாடிக் காட்டாமல் தேர்வுக்கு அனுப்பிய வகுப்பும் இருந்தது. ஆரோகணம், அவரோகணம், ஜீவ ஸ்வரம், மனப்பாடம், மதிப்பெண். அந்த ராகங்களை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. உங்கள் வாத்தியாரின் கோபம் இதன் மேல் என்றால் நான் அவர் பக்கம். அவர் கல்லூரி மேலேயே கோபப்படுகிறார். அங்கேதான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

பி.காமுக்கும் பாட்டுக்கும் நடுவில் நாளைக் கூறு போடாதீர்கள். மூன்று வருடம் காலை முதல் மாலை வரை பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் நடுவில் இருக்கிற வாய்ப்பு உங்களைப் போல் சங்கீதம் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கு இன்னொரு தடவை வராது. விண்ணப்பம் போடுங்கள். வாத்தியாரையும் விட்டுவிடாதீர்கள், அந்த இரண்டு நாளும் போய்க்கொண்டே இருங்கள். கல்லூரியில் சேர்ந்ததை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், வேறு யார் வழியாகவும் அவர் காதுக்குப் போகக்கூடாது.

சேருவதற்கு முன் அந்தத் துறைக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்கவேண்டாம். தம்புராக்கள் எங்கே இருக்கின்றன, உறை போட்டு அலமாரிக்குள்ளா, பிள்ளைகள் கையிலா என்று பாருங்கள். யாராவது சுருதி சேர்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். அந்தக் காந்தாரம் முதல் நாளே கேட்காது, பரவாயில்லை. கேட்கிற அன்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.