புலி வந்தது, வெளிச்சம் வரவில்லை: சஃபாரிப் படம் பற்றிச் சில கேள்விகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் சிங்கப்பூரிலிருந்து இந்தியக் காடுகளுக்குப் புலி பார்க்கப் புறப்படும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முன்னால் இருப்பது கேட்டவரின் வட்டாரம். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கையில் இருப்பதே போதும்.

ஈசூன்: விடியற்காலையில் புலி பாதையில் நடந்து வந்தது அண்ணே. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-ஐத் தாண்டக்கூடாது என்று படித்திருந்ததால் அங்கேயே நிறுத்தி வைத்தேன். ஷட்டர் 1/80 வினாடி. ஒரு படம்கூடத் தேறவில்லை.

தேறாது. நடக்கிற புலிக்கு 1/500 வேண்டும். அதே வெளிச்சத்தில் 1/500 கிடைக்க ஐஎஸ்ஓ பத்தாயிரத்தை ஒட்டிப் போயிருக்கும். போகட்டுமே! நாய்ஸை, அதாவது படத்தில் விழும் பொடிப்புள்ளிகளை, வீட்டுக்கு வந்து மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிப்போன மீசையை யார் திருப்பித் தருவது? ஐஎஸ்ஓவை அடக்கி இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். பல கேமராக்களில் நிழல் பகுதிகளில் நாய்ஸ் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

என் வழக்கம் இதுதான்: மேனுவல் மோடு, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) முழுதாகத் திறந்து, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோவில், உச்சவரம்பு 12800. ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) கட்டாயம். ஜீப் கேட்டைத் தாண்டும்போதே இதெல்லாம் தயாராக இருக்கவேண்டும். புலி படுத்துக் கிடந்தால் 1/125 வரை இறக்கலாம். ஓடினாலோ தண்ணீரில் பாய்ந்தாலோ 1/1600.

பொங்கோல்: மூங்கில் காட்டில் வெயில் திட்டுத்திட்டாக விழுந்தது. புலியின் முகத்தில் வெள்ளைப் பகுதி வெளுத்துப்போய்விட்டது. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. எப்படித் தவிர்ப்பது?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. புலி ஆரஞ்சு நிறம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். படத்தைக் கெடுப்பது கண்ணுக்கு மேலே இருக்கும் அந்த வெள்ளைத் திட்டும் கன்னத்து வெள்ளை மயிரும்தான். சுற்றிலும் இருட்டு மூங்கில் என்றால், கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதில் வெள்ளை எரிந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். வெளுத்துப்போகும் இடம் திரையில் மினுக்கும் ஹைலைட் எச்சரிக்கை வசதியைப் போட்டுவைத்து, கண்ணுக்கு மேலே மினுக்கினால் இன்னும் இறக்குங்கள். முதுகில் ஒரு சிறு புள்ளி எரிந்தால் பரவாயில்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. புலி நிழலில், பின்னால் வெளிறிய கோடைப் புல்லோ பளபளக்கும் குளமோ இருந்தால் கேமரா புலியைக் கருப்பாக்கிவிடும். அப்போது பிளஸ் 0.7, பிளஸ் 1. இந்த இரண்டையும் கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் மாற்றும்படி ஒரு டயலில் வைத்துக்கொள்ளுங்கள். மெனுவுக்குள் நுழைந்து தேடுவதற்குள் புலி புதருக்குள் போய்விடும்.

ஆனால் பாதி வெயில், பாதி நிழல் விழுந்த முகத்தை எந்த செட்டிங்கும் முழுதாகக் காப்பாற்றாது. முகம் முழுதாக நிழலுக்கோ வெயிலுக்கோ வரும்வரை பொறுங்கள். நான் நிழலைத்தான் விரும்புவேன், கண்ணின் நிறம் அதில்தான் ஒழுங்காக வரும்.

தெம்பனிஸ்: எஃப் 6.3 ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். எஃப் 2.8-இல் ஒரு 70-200 மில்லிமீட்டர் லென்ஸ் வாடகைக்கு எடுக்கட்டுமா?

எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். வெளிச்சக் கணக்கில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஐஎஸ்ஓ 12800 கேட்கும் இடத்தில் 2500 போதும். பாந்தவ்கர், தடோபா மாதிரி மத்திய இந்தியக் காடுகளில் புலி ஜீப் பாதையிலேயே நடந்து வருவதுண்டு, அங்கே 200 மில்லிமீட்டர் தாராளம். கர்நாடகத்தின் கபினி நீர்த்தேக்கக் கரையில் புலி தூரமாக நின்றால் கையைப் பிசைய வேண்டியதுதான். இரண்டு கேமரா இருந்தால் இரண்டையும் எடுத்துப்போங்கள். ஒன்றுதான் என்றால் உங்கள் எஃப் 6.3 ஜூமே போதும், செம்மண் புழுதியில் லென்ஸ் கழற்றி மாட்டுவது வம்பு. கைப்பைக்கு 7 கிலோ வரம்பு வைக்கும் விமானங்கள் உண்டு, எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவா சூ காங்: போவதற்கு முன் இங்கேயே பழக வழியுண்டா?

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலியை 1930-இல் உங்கள் வட்டாரத்தில்தான் சுட்டார்கள் என்பது பதிவு. இப்போது விலங்குத் தோட்டங்கள் இருக்கும் மண்டாய்க்குத்தான் போகவேண்டும். 1994-இல் திறந்த நைட் சஃபாரியில் மலாயாப் புலி இருக்கிறது, ஃபிளாஷ் கூடாது. நடமாடும் விலங்கை அந்த மங்கலில் எடுத்துப் பழகினால் உங்கள் கேமராவின் ஃபோகஸ் எந்த இருட்டில் திணறுகிறது என்று தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் விளக்கொளி கோடு கோடாக விழலாம், மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு. காலை ஏழரைக்கு மரக்கூரைக்கு அடியில் குரங்குகள் தாவும்போது எடுத்துப் பாருங்கள். மூங்கில் காட்டின் அதே தொல்லை வெளிச்சம், கட்டணமும் இல்லை. தீனி மட்டும் போடாதீர்கள், அபராதம்.

ஜூரோங்: ஜூன் விடுமுறையில் போனோம். நல்ல வெயில்தான், இருந்தும் தூரத்துப் புலி கூர்மையாகவே இல்லை.

கானல். மத்திய இந்தியாவில் கோடை வெப்பம் 45 டிகிரியைத் தொடும். சூடான தரையிலிருந்து எழும் காற்று நெளிவதால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் கரையும். தூரத்துப் படங்களைக் காலை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். பிறகு கிட்டே வரும் புலிக்காகக் குட்டையோரம் காத்திருங்கள். தண்ணீரில் உட்கார்ந்த புலிக்கு அடியிலிருந்து வெளிச்சம் தெறித்து முகத்தின் நிழலை மென்மையாக்கும், மதியத்திலும் அது நல்ல படம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே காப்பகங்களின் பெரும்பாலான மையப்பகுதிகள் மழைக்காக மூடியிருக்கும்.

செங்காங்: டிசம்பர் குளிரில் லென்ஸ் பனிக்குமா?

இங்கே ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் பனிக்கும். அங்கே தலைகீழ்: வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போதுதான். பையை மூடியபடியே அறையில் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

பிடோக்: ஃபிளாஷ், கைபேசி?

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைபேசிக்குப் பல காப்பகங்களில் தடை.

உட்லண்ட்ஸ்: டிரைபாட் எடுத்துவரலாமா அண்ணே?

ஜிப்சியில் (சஃபாரிக்குப் போகும் திறந்த ஜீப்) ஆறு பேரும் டிரைபாடும் அடங்காது. பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் துணிப்பை) ஒன்றைக் காலியாக எடுத்துப்போய் விடுதியில் அரிசி கேட்டு நிரப்பி, ஜீப் கம்பியில் போட்டு லென்ஸை அதன்மேல் வையுங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றால் அவரையும் கெஞ்சி உட்காரவையுங்கள். ஒரே கிளிக் வேண்டாம், நாலைந்து தொடர் படமாக அழுத்துங்கள், நடுவில் ஒன்று அசையாமல் விழும். கிளம்பும்போது அரிசியைச் சமையல்கட்டில் திருப்பிக் கொடுத்துவிடலாம், கொஞ்சம் புழுதி வாசனையோடு.