குடல் நோயுள்ள பிள்ளைக்கு எந்த வைட்டமினைப் பார்க்க வேண்டும்?

"என் மகனுக்கு 11 வயது. குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய்க்காகச் சென்ற ஆண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 30 செ.மீ. அகற்றினார்கள். இப்போது எப்போதும் சோர்வாக இருக்கிறான். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, காரம் பட்டால் எரிகிறது என்கிறான். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவர், எல்லா வைட்டமின்களுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?" என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். உங்கள் மகனுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பி12. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்தையே எடுத்துவிட்டபின் முட்டையும் பாலும் எவ்வளவு கொடுத்தாலும் போதிய அளவு உடலில் சேராது. கல்லீரலில் இருப்பு இருந்ததால்தான் குறை இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது. பி12 அளவுக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, ஊசியைத் தள்ளிப்போடாமல் தொடங்கச் சொல்லுங்கள்; இது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய ஊசி. ஊசி போட்ட பிறகு அளவு பார்த்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மருந்துக்கடையில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறியதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

இதனுடன் முழு இரத்த எண்ணிக்கை, வைட்டமின் டி, ஃபெரிட்டின், சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) ஆகியவை போதும். வைட்டமின் ஏ, ஈ, கே ஆகியவற்றை மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து போனால் பார்க்கலாம்.

ஃபெரிட்டின் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் மிகுதியாக ஏமாறுவது இங்கேதான். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் இந்த அளவு, குடலில் அழற்சி இருக்கும்போது இருப்பு காலியாக இருந்தாலும் தானாக உயர்ந்துவிடும். சிஆர்பி அதிகமாக இருக்கும் பிள்ளைக்கு ஃபெரிட்டின் 70 என்று வந்தால், அறிக்கையில் 'இயல்பு' என்றே அச்சாகியிருக்கும். ஆனால் அழற்சியுள்ள நிலையில் 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைபாட்டுக்கு வாய்ப்புண்டு. சிஆர்பி இல்லாமல் ஃபெரிட்டினை மட்டும் அச்சடித்துத் தரும் பேக்கேஜ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரத்தம் சேகரிக்க வருபவருக்குக் கிடைக்கும் பங்கு பரிசோதனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

வைட்டமின் டி குறைவாக இருந்து 60,000 யூனிட் தூள் எழுதிக் கொடுத்தால், அது பெரும்பாலும் வாரம் ஒன்று என்பதைச் சீட்டிலேயே தெளிவாக எழுதச் சொல்லி வாங்குங்கள். தினம் ஒன்றாகப் பத்து நாள் கொடுத்துவிட்டு, வாந்தியும் மலச்சிக்கலுமாகப் பிள்ளையைத் தூக்கி வந்த தாயை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் '1' என்று மட்டும் இருந்தது.

குடல் எத்தனை செ.மீ. அகற்றப்பட்டது என்பதை உங்களால் சொல்ல முடிந்தது உங்கள் மகனின் அதிர்ஷ்டம். என்னிடம் வரும் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் பாதியில் அந்த எண்ணே இருப்பதில்லை; நோயாளியைப் பார்க்க இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் அதை யார் எழுதுவார்கள்? சீட்டையும் அறுவைக் குறிப்பையும் நகலெடுத்து, இந்த வாரமே உங்கள் குடல்நல மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நடக்கும்போது தடுமாறினாலோ, கால் மரத்துப்போகிறது என்றாலோ வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள்.