பட்டை வரைபடமும் குழந்தைகளும்: கேள்வி பதில்

கேள்வி (நான்காம் வகுப்பு மாணவியின் தாய்): பட்டை வரைபடத்தைக் காட்டி "எந்தப் பழம் அதிகம் பேருக்குப் பிடிக்கும்?" என்றால் மகள் உடனே "மாம்பழம்" என்கிறாள். "வாழையைவிட மாம்பழம் எத்தனை பேருக்குக் கூடுதலாகப் பிடிக்கும்?" என்றால் 5 என்பதற்குப் பதில் 14 என்கிறாள். இது கவனக்குறைவா?

பதில்: இல்லை, அம்மா. முதல் கேள்விக்கு உயரத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும். இரண்டாவது கேள்விக்கு மாம்பழம் 14, வாழை 9 என்ற இரு எண்களைத் தனித்தனியே வாசித்து, அவற்றைக் கழிக்க வேண்டும் என்பதையும் குழந்தை தானே உணர வேண்டும். படத்திலுள்ளதை வாசித்தல், படத்துக்குள்ளேயே ஒப்பிடுதல், படத்தைத் தாண்டி ஊகித்தல் என்று இந்தத் திறனை மூன்று படிகளாகப் பிரித்து, கணிதக் கல்வி ஆய்வாளர் பிரான்சிஸ் கர்சியோ 1987இல் எழுதினார். உங்கள் மகள் முதல் படியைக் கடந்துவிட்டாள், அவ்வளவுதான். வாழைப் பட்டையின் உச்சியில் ஓர் அடிக்கோலைக் கிடையாக வைத்து, அதற்கு மேலே நீண்டு நிற்கும் மாம்பழப் பகுதியை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். கழித்தல் என்ற சொல்லை நான்கைந்து நாள் கழித்துச் சொன்னால் போதும்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியர்): அளவுத்திட்டம் 1 அலகு = 5 மாணவர்கள் என்று எழுதியிருந்தும், பிள்ளைகள் கட்டங்களை ஒன்று, இரண்டு என்றே எண்ணுகிறார்கள்.

பதில்: பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம் இதுதான். அளவுத்திட்டத்தை நாம் விதியாக அறிவித்துவிடுகிறோம். அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அனுபவித்ததே இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு தீப்பெட்டி என்று அடுக்கச் சொல்லுங்கள், இருபதைத் தாண்டும்போது அடுக்கு சரியத் தொடங்கும், "ஒரு பெட்டியை அஞ்சு பேருன்னு வச்சுக்கலாமா சார்?" என்று அவர்களில் ஒருவரே கேட்டுவிடுவார். அதன்பின் ஒரே தரவை 1, 2, 5 ஆகிய மூன்று அளவுத்திட்டங்களில் வரையச் செய்யுங்கள். பட்டை குட்டையானாலும் மாணவர் எண்ணிக்கை மாறவில்லை என்பதைக் கண்ட பிள்ளை, அதற்குப் பிறகு இடப்பக்க எண்களைப் பார்க்காமல் பதில் சொல்ல யோசிக்கும்.

பட்டை 10க்கும் 15க்கும் நடுவில் முடிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களை எண்ணும்போது 12½ என்பதற்குப் பொருளில்லை. ஆகவே "12 அல்லது 13 இருக்கலாம்" என்று சொல்லும் பிள்ளைக்கு, விடைத்தாள் எதைச் சொன்னாலும், நான் முழு மதிப்பெண் தருவேன்.

கேள்வி (ஒரு தந்தை): பயிற்சிப் புத்தகம் இல்லாமல் வீட்டில் எதை வரையலாம்?

பதில்: தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள் அல்லவா? ஓராண்டின் யூனிட் கணக்கை எடுத்தால் ஆறு பட்டைகள் கிடைக்கும். 1 அலகுக்கு 50 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கோடைப் பட்டை உயர்ந்திருந்தால் "ஏன்?" என்று கேளுங்கள். "ஃபேன் நாள் முழுக்க ஓடிச்சு" என்று பதில் வந்தால், அதைப் படம் சொன்னதா, நீ அறிந்து சொன்னதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பெரியவர்களே அடிக்கடி குழம்பும் வேறுபாடு இது.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாத்தா): பேரன் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறான்; அவன் அக்கா ஒட்டி வரைகிறாள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், ஐயா. பேத்தி வரைவது நிகழ்வுச் செவ்வகமாக (ஹிஸ்டோகிராம்) இருக்கும். 10–20, 20–30 என்று தொடரும் அளவுகளுக்கு உரியது. பேரனுடையவை மாம்பழம், வாழை போல ஒன்றோடொன்று தொடராதவை. பட்டை வரைபடத்தின் முன்னோடியாகக் கருதப்படும் வில்லியம் பிளேஃபேர் வரைந்ததும் இந்த வகைதான்: 1786இல் வெளியிட்ட நூலில் ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கே அவர் கையில் இருந்ததால், காலப்போக்கைக் காட்டும் கோடு வரைய வழியின்றி, நாட்டுக்கு நாடு தனிப் பட்டை போட்டார்.

கேள்வி (மற்றொரு தாய்): செய்தித்தாளில் ஒரு பட்டை மற்றதைவிட நான்கு மடங்கு உயரம், எண்களோ 90, 96. மகன் குழம்பிவிட்டான்.

பதில்: அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், அம்மா; 88இல் தொடங்கியிருக்கும். அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் உயரங்கள் 2, 8 மட்டுமே. அதே இரண்டு எண்களைப் பூஜ்ஜியத்திலிருந்து அவன் கையாலேயே கட்டத்தாளில் வரையச் சொல்லி, இரு படங்களையும் அருகருகே ஒட்டி வையுங்கள்.