சனிக்கிழமை கடலுக்குப் போகிறவருக்குத் தியானம் எப்போது?

கேள்வி: தவக்காலத்தில் எங்கள் பங்கிலிருந்து வெளியூர்த் தியான இல்லத்துக்கு வெள்ளி மாலை வேனில் கூட்டிப்போய், ஞாயிறு மதியம் கொண்டுவந்து விடுவார்கள். இந்த வருடம் குடும்பத் தியானமாம். புருஷனும் பெண்டாட்டியுமாக வரவேண்டும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். "சனிக்கிழமை தொழிலை விட்டுட்டு வர முடியாது, கச்சத்தீவு அந்தோனியார் எனக்குப் போதும்" என்கிறார். ஞாயிறு பூசைக்கு வருவதும் அபூர்வம்தான். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "உன் வீட்டுக்காரர் வராததாலதான் உன் வீட்ல ஆசீர்வாதம் தங்கல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். போன வருடம் நான் மட்டும் போனேன். அழுதேன், பாவசங்கீர்த்தனம் செய்தேன், இனிக் கோபப்படக் கூடாது என்று முடிவெடுத்து வந்தேன். இரண்டு வாரம் தாங்கவில்லை. இந்த முறை போகலாமா? அவரை எப்படி அழைத்துப்போவது?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, நீங்கள் போங்கள். அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் குடிக்கிறார் என்றோ, கை நீட்டுகிறார் என்றோ, காசு கொடுப்பதில்லை என்றோ ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமை வர முடியாது என்பது மட்டும்தான் குறை. உங்கள் ஊர்க் கணக்கை ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அப்படியென்றால் ஞாயிறு காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருப்பார்? படகு கட்டும் ஜெட்டிப் பாலத்தில் இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, சங்காயம் என்கிற கழிவு மீன் தனி என்று கூடை கூடையாகப் பிரித்துக்கொண்டிருப்பார். முந்தின ராத்திரி கண் மூடியிருக்க மாட்டார். எடை போட்டு, பங்கு பிரித்து, வீடு வந்து குளிக்கும்போது பூசை முடிந்து ஆள்கள் கலைந்திருப்பார்கள். வாரத்தில் முழுசாகக் கரையில் கிடைக்கிற நாள் வெள்ளி ஒன்றுதான். அதிலும் வலை பார்க்க வேண்டும், ஐஸ், டீசல் ஏற்ற வேண்டும்.

ஆக, அவர் கோயிலுக்கு வராததில் பாதிக்கு மேல் காரணம் விசுவாசக் குறைவு இல்லை, கால அட்டவணை. ஞாயிறு கடனைப் பற்றிப் பேசுகிற திருச்சபைச் சட்டமே (1983-ஆம் ஆண்டுத் தொகுப்பு, 1248-ஆம் எண்) கனமான காரணத்தால் திருப்பலிக்கு வர முடியாதவர்களை நினைத்துப் பார்க்கிறது. தனியாகவோ, குடும்பமாகவோ, நாலைந்து குடும்பம் சேர்ந்தோ தகுந்த நேரம் ஜெபத்தில் செலவிடச் சொல்கிறது. ஞாயிறு சாயங்காலம் அருகில் எங்காவது திருப்பலி உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் அதற்குக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தபின் வருவார்.

அந்த அக்கா சொன்னதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். உயிர்த்த ஆண்டவர் மீன்பிடிக்கப் போன சீடர்களைப் பார்த்து, "ஏன் ஜெபத்துக்கு வராமல் கடலுக்குப் போனீர்கள்?" என்று கேட்கவில்லை. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களுக்குக் கரையில் தீ மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு வைத்துக்கொண்டு, "சாப்பிட வாருங்கள்" என்றார். இராயப்பரிடம் (பேதுருவிடம்) பேச வேண்டியதைச் சாப்பிட்ட பிறகுதான் பேசினார். ஞாயிறு காலை வீடு வருகிற மனிதரிடம் உங்கள் முதல் பேச்சு எது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது.

இனி உங்கள் விஷயம். போன வருடத்து முடிவு இரண்டு வாரத்தில் கலைந்தது என்பதால் தியானம் வீண் என்று நினைக்காதீர்கள். அங்கே போன் கையில் இல்லை, அடுப்பு இல்லை, கடலுக்குப் போனவரை இலங்கை நேவி பிடித்துவிடுமோ என்ற பயம்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும். அந்த அமைதியில் எடுத்த முடிவு வீட்டுச் சத்தத்தில் நிற்க வேண்டுமானால் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூல்தான் இன்றைய தியானங்கள் பலவற்றுக்கும் வேர். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்தது. ஊரைவிட்டு ஒதுங்கி ஏறக்குறைய 30 நாள் செய்வது முழு முறை. ஆனால் அதே நூலின் முன்குறிப்புகளில் 19-ஆவது, வேலையையும் பொறுப்பையும் விட்டு வர முடியாதவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அவர்கள் இருந்த இடத்திலேயே, தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்கிறது. தியானங்களின் பாதுகாவலரே வீட்டுத் தியானத்துக்கு வழி விட்டிருக்கிறார்!

உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்காது என்று தெரியும். பிள்ளைகள் தூங்கியபின் கால் மணி நேரம் போதும். அன்று நடந்ததைக் காலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எதற்கு நன்றி சொல்லலாம், எங்கே வார்த்தை தடித்தது, நாளைக்கு எந்த நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும். இந்த மூன்றுதான். கோபம் எப்போது வருகிறது என்று பத்து நாள் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் தோன்றுவது, பெரும்பாலும் படகு கரை சேர்கிற நேரம் தள்ளிப்போகிற காலைகளில்தான் வரும். அது கோபமே இல்லை, பயம். அதை அவரிடம் பயமாகவே சொல்லிப் பாருங்கள். இஞ்ஞாசியார் இன்னொன்றும் சொல்கிறார்: மனம் நிறைந்திருக்கும்போதே, வறண்டு போகிற நாளில் என்ன செய்வேன் என்று யோசித்து வைத்துக்கொள். இந்த முறை தியான இல்லத்தில் ஞாயிறு காலை அந்த ஒரு யோசனைக்கு நேரம் வையுங்கள். திரும்பி வந்து அவருக்குப் பிரசங்கம் வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கச்சத்தீவு போதும் என்பவரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, சோதனைக்கு நின்று, அந்தத் தீவின் அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிப் போய்ச் சிலுவைப்பாதை செய்து வருகிற மனிதர் அவர். அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை ஓரியூருக்குக் குடும்பமாகப் போய் வாருங்கள். 1693 பிப்ரவரி 4-இல் மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட அந்தச் செம்மண்ணில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தாலே அதுவும் தியானம்தான்.

கடைசியாக, பங்குச் சாமியாரிடம் ஒரு கோரிக்கை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தூய ஆவியார் பெருவிழா (பெந்தெகொஸ்தே) எந்த வருடமானாலும் மே 10-க்கும் ஜூன் 13-க்கும் இடையில்தான் வரும். அதாவது எப்போதும் தடைக்காலத்துக்குள். அந்தப் பெருவிழாவுக்கு முந்தின வாரம் கடல் தொழிலாளர்களுக்கென்று ஊரிலேயே மூன்று நாள் தியானம் வைக்கச் சொல்லுங்கள். பகலில் படகு மராமத்து, வலை வேலை இருக்கும். அதனால் மாலை ஆறு மணிக்கு மேல், பங்கு மண்டபத்தில். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் கட்டணம் கூடாது. தியானம் கொடுக்கிறவருக்கு முன்கூட்டியே தேதி வாங்க வேண்டியிருக்கும். பொங்கல் முடிந்ததும் கேட்டுவிடுங்கள். தனியாகப் போகாமல், சனிக்கிழமை கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, எத்தனை ஆண்கள் வருவார்கள் என்று அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) வாரியாகப் பெயர் எழுதி எடுத்துப் போங்கள். பட்டியலில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.