தெரபி விட்டுப்போனது இருக்கட்டும், முதலில் இடுப்புக்கு எக்ஸ்-ரே எடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. குறைமாதத்தில் பிறந்தவன், செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) என்கிறார்கள். பிடிக்காமல் உட்கார மாட்டான். வாரம் இரண்டு நாள் தெரபிக்குத் தருமபுரி வரச் சொன்னார்கள். பென்னாகரம் தாண்டி எங்கள் ஊர், போய்வந்தால் அன்றைய கூலி போச்சு, ஐந்து மாதமாகப் போகவில்லை. மூன்று வயதுக்குள் செய்யாவிட்டால் அவ்வளவுதான் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போடலாமா? எச்சில் வடிகிறது, பல்லும் தாமதம். கொஞ்ச நாளாகக் கழுவிவிடும்போது வலது காலை அகட்டினால் அழுகிறான். சுளுக்கு என்று மாமியார் எண்ணெய் போட்டு நீவுகிறார். நான் தெரபியை விட்டதால் பிள்ளை நடக்காமல் போய்விடுவானா?

பதில்: இல்லை அம்மா. நடப்பானா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூளையில் ஏற்பட்ட பாதிப்பின் அளவுதான். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிடும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறகு ஏதோ ஒரு வகையில் நடந்துவிடுகிறார்கள். உங்கள் மகன் இன்னும் உட்காரவில்லை, அதனால் பிடிமானமில்லாமல் நடப்பது அவனுக்குக் கடினமாக இருக்கலாம், இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது இந்த ஐந்து மாதத்தால் வந்தது இல்லை. மூன்று வயதோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதும் பொய். சீக்கிரம் தொடங்குவது நல்லது, அவ்வளவுதான். மூன்றுக்குப் பிறகும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, காலை அகட்டினால் அழுகிறான் என்று, எனக்குக் கவலை அதில்தான். நீவுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிற்காத, நடக்காத குழந்தைகளுக்குத் தொடையின் உள்பக்கத் தசைகள் விறைத்து இழுத்துக்கொண்டே இருப்பதால், தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். தொடக்கத்தில் வலியே இருக்காது, வலி தெரியும்போது பல நேரம் நன்றாகவே நகர்ந்திருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் தசையைத் தளர்த்தும் சிறிய சிகிச்சையோடு சமாளிக்க வாய்ப்புண்டு, தாமதமானால் எலும்பையே வெட்டிச் சரிசெய்ய வேண்டிவரும். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாருங்கள், ஒன்று தாழ்ந்து தெரிகிறதா, ஒரு கால் மட்டும் அகல மறுக்கிறதா என்று. எதுவும் தெரியாவிட்டாலும் எக்ஸ்-ரே எடுக்கத்தான் வேண்டும். செரிப்ரல் பால்சி உள்ள, நடக்காத எந்தக் குழந்தைக்கும் இரண்டு வயதுக்குள் ஒரு இடுப்பு எக்ஸ்-ரே எடுத்திருக்க வேண்டும், பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. இந்த வாரமே பென்னாகரம் அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொண்டு தருமபுரியில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்தக் குழந்தைகளின் எலும்பு மெலிந்திருக்கும், பலமாக இழுத்து நீவினால் முறியக்கூடும். கால் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சலோடு காலை அசைக்கவே விடாமல் அழுதாலோ ஒரு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

எச்சில் வடிவது வாய்த்தசையின் கட்டுப்பாடு குறைவாக இருப்பதால், அதனால் ஆபத்தில்லை. பல் வரும். ஸ்டெம் செல் வேண்டவே வேண்டாம். செரிப்ரல் பால்சிக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது, 2017-ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி இப்படிப்பட்ட நோய்களுக்கு அதை ஆய்வாக மட்டும்தான் தரலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உங்களைப் போன்றவர்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத்தில் அடக்க முடியவில்லை.

அப்புறம் தெரபி. வாரம் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு, வராத தாயைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஆனால் தருமபுரியை விட்டால் வழியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவரும் சிறப்பாசிரியரும் உண்டு, பள்ளியில் சேராத சின்னக் குழந்தையையும் பார்ப்பார்கள், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் பயிற்சி தருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்திலும் வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சை உண்டு, ஊர்ச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சிகிச்சைக்கான பஸ் பாஸ், செரிப்ரல் பால்சி குழந்தைகளுக்கான சி.பி. நாற்காலி, பாதிப்பு கடுமையாக இருந்தால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை, எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

தருமபுரி டிஇஐசிக்கு (குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை சிகிச்சை மையம்) மாதம் ஒருமுறை போனால் போதுமா என்று நேராகவே கேளுங்கள். போகும்போது 'இந்த மாதம் வீட்டில் எந்த ஒரு விஷயத்தைப் பழக்க வேண்டும்' என்று கேட்டு, அதைச் செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் படுக்கவைத்து காலை மடக்கி நீட்டுவது மட்டும் பெரிதாகப் பலன் தருவதில்லை, குழந்தை தானே முயன்று செய்வதுதான் மூளைக்குப் பாடம். சட்டை மாட்டும்போது கையை அவனே நுழைக்கட்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை. சோறு ஊட்டும்போது படுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், சுவர் மூலையில் தலையணை வைத்து உட்காரவைத்து ஊட்டுங்கள். இடுப்பில் வலி இல்லை, தூக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, நம் ஊர் வழக்கப்படி உங்கள் இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவைத்தே தூக்குங்கள், கால் அகன்றிருப்பது அவனுக்கு நல்லது.

எக்ஸ்-ரே படத்தை மறக்காமல் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட்டால்தான் எலும்பு நகர்கிறதா என்பது தெரியும்.