எங்கே துளைத்தாலும் பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் வருமா?

"ஆழத்தில் எங்கும் சூடுதானே, எந்த இடத்தில் துளைத்தாலும் வெந்நீர் எடுத்து மின்சாரம் செய்யலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மணல்பாங்கான ஊர்க்காரர் போலிருக்கிறது. வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறு அடிப்பதைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் அந்த மெசினில் வேலை செய்தவன். ஓமந்தைக்கு அப்பால் ஒரு அம்மாவின் வளவு. மேல்மண் தாண்டியதும் கருங்கல். 200 அடி இறங்கியும் காற்றோடு மேலே வந்தது மாவு போன்ற தூசிதான், துளி ஈரமில்லை. அம்மா திண்ணையில் தலையில் கைவைத்தபடி இருந்தார். மெசினை வேலியோரம் நகர்த்தினோம். அங்கே 100 அடி தாண்டியதும் சத்தம் மாறியது, கம்பி சட்டென்று கொஞ்சம் கீழே இறங்கியது, தூசி சேறாகி, அப்புறம் தண்ணீராகவே பீறியது. கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இரண்டாவது துளை வெடிப்பில் பட்டது, அவ்வளவுதான்.

தண்ணீர் வராத துளைக்குக் கூலி இல்லை என்று ஒப்பந்தக்காரர் கழித்துவிட்டார். கல்லை உடைத்த உடம்புக்கு இரண்டும் ஒரே வேலைதானே? அந்தக் காசு இன்றுவரை கைக்கு வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கெட்டிக் கல்லில் வெந்நீரும் வெடிப்பு வழியாகத்தான் ஓடும். வெடிப்பின் இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்காகும். அதனால் பல மயிரிழை வெடிப்புகள் தராத தண்ணீரை அகலமான ஒன்றே தந்துவிடும். ஆனால் எல்லாம் திறந்து கிடக்காது. வெந்நீரில் கரைந்து வரும் சிலிக்கா, கல்சைட் என்ற தாதுக்கள் படிந்து பலவற்றை அடைத்துவிடும். நில அழுத்தத்தால் நழுவும் நிலையில் இருப்பவைதான் பெரும்பாலும் திறந்திருக்கும். மணற்கல்லில் நுண்துளை வழியாகவும் ஓடுமே என்று படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மன்னார்ச் சுண்ணக்கல்லின் கதையும் வேறுதான். நான் சொல்வது கருங்கல்லை.

திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பாருங்கள். அங்கே எரிமலை கிடையாது. மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வெடிப்பு வழியாகவே மேலே வருகிறது.

ஒரே அகல வெடிப்பை நம்பினாலும் தொல்லைதான். சூடு எடுத்தபின் இன்னொரு கிணறு வழியே திரும்ப உள்ளே விடும் நீர் அதே வெடிப்பில் விரைந்தோடி, சூடேறாமலே வெந்நீர் எடுக்கும் கிணற்றுக்கு வந்துவிடும். வெடிப்பு போதாத இடத்தில் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தித் திறக்கவும் பார்க்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் அப்படிச் செய்தபோது 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. திட்டத்தையே கைவிட்டார்கள்.